பேனாட் சொல்லாத பெயர்

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் பாண் சுடும் வெதுப்பகம் ஒன்றில் வேலை செய்த ஈழத் தமிழன் பேனாட்டை, தொண்ணூற்று நான்காம் ஆண்டு மார்ச் மாதம் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. பக்கத்துத் தெரு நகைக்கடையில் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குக் கொள்ளை. வந்தவன் கறுத்தவன் என்று கடைக்காரி சொன்னாள். அவளுக்குக் காட்டப்பட்டது ஒரே ஒரு படம், பேனாட்டுடையது.

அந்த நேரம் எங்கே நின்றாய் என்று கேட்டதற்கு, தனியாக நடந்து திரிந்ததாகச் சொன்னான். உண்மையில் பக்கத்து நகரமான எசனுக்குப் போகும் டிராமில் பிறின்சியோடு இருந்தான். அவள் அதே ஊரில் இருந்த தமிழர் மரியரட்ணத்தின் ஒரே மகள், தாதிப் படிப்பில் முதல் வருடம். காதல் வீட்டுக்குத் தெரியாது.

சிறைக்குப் போய்ப் பார்த்த பேனாட்டின் அறைத்தோழன் பிறின்சியிடம் செய்தி கொண்டுவந்தான். "உம்மட பேரைச் சொல்லேல்லையாம். பயப்பிட வேண்டாமாம்."

"எனக்குப் பயமெண்டு அவருக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு, நேரே தகப்பனிடம் போனாள்.

"அப்பா, அண்டைக்கு பேனாட் என்னோடதான் நிண்டவர்."

மரியரட்ணம் கோட்டை எடுத்து மாட்டினார். "முதல்ல பெடியனை வெளியில எடுப்பம். மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

பொலிஸ் நிலையத்தில் பிறின்சி சொன்னதைக் கேட்டு அதிகாரி சிரித்தார். "உங்கள் ஆட்கள் ஒருவருக்காக ஒருவர் பொய் சொல்வார்கள்."

படியிறங்கும்போதுதான் பிறின்சிக்கு நினைவு வந்தது. அன்று பேனாட் டிக்கெட் எடுக்க மறந்து, பரிசோதகரிடம் பிடிபட்டிருந்தான். டிராம் அலுவலகப் பதிவில் அவன் பெயரும் நேரமும் இருந்தன: நான்கு மணி ஐந்து நிமிடம், நகைக்கடையிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில். பரிசோதகரும் சாட்சி சொல்ல வந்தார்.

"இவனை மறப்பேனா? நான் தண்டம் எழுதினேன். அந்தப் பெண் எசன் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள்."

பத்தொன்பதாம் நாள் பேனாட்டை விட்டார்கள். "போகலாம்" என்றார் அதிகாரி.

பிறின்சி நகரவில்லை. "இவர் குற்றமற்றவர் என்று எழுதித் தாருங்கள். வேலையிடத்தில் காட்ட வேண்டும்."

"விட்டிட்டாங்கள்தானே, வாரும் போவம்" என்று பேனாட் மெல்லச் சொன்னான்.

"நீங்கள் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தது காணும், இனியும் வேண்டாம்."

மரியரட்ணத்தோடு மூவரும் மூன்று மணி நேரம் நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். கடிதம் வந்தது. மரியரட்ணம் அதை இரண்டு தரம் வாசித்து, மடித்து பேனாட்டிடம் கொடுத்தார்.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாரும். கதைக்கக் கிடக்கு."

பேனாட் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறின்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், அப்பாவுக்கு முன்னாலேயே.