நாற்பது சிவப்புக் கோடுகள்

புரோகிராம் எழுதும் எடிட்டர் மென்பொருளோடு சேர்த்துக்கொள்ள அவன் ஒரு பிளக்-இன் செய்திருந்தான். தப்பான வரிக்கடியில் அது சிவப்புக் கோடு போடும். “அந்த புரோகிராம் மொழியோட பழைய வெர்ஷனை இன்னும் எவன் கட்டிக்கிட்டு அழறான்?” என்று போன மாதம் பழையதைக் கைகழுவிவிட்டுப் பிளக்-இன்னைப் புதிய வெர்ஷனுக்கு மட்டும் மாற்றினான். இரண்டு வெர்ஷனுக்கும் சோதித்துப் பார்க்கச் சோம்பல், வேறென்ன? அன்றிலிருந்து பழைய முறையில் சரியாக எழுதிய வரியும் பிளக்-இன்னுக்குத் தப்புதான்.

இன்று அக்கா போன் செய்தாள். அவளுடைய குடிநீர் அலுவலகத்தில் மோட்டார்களை ஓட்டுவது அந்தப் பழைய வெர்ஷனில் எழுதிய புரோகிராம்.

“உன் பிளக்-இன் நாப்பது இடத்துல சிவப்புக் கோடு போட்டுச்சுடா. எல்லாத்தையும் திருத்தினேன். இப்ப ஒரு மோட்டாரும் ஓடல.”

“அக்கா, அந்தக் கோடு...”

“நீ செஞ்சது தப்பா காட்டுமா? எனக்குத்தான் எல்லாம் மறந்துபோச்சு. என் தப்புன்னு மேலதிகாரிகிட்ட எழுதிக் கொடுத்துட்டேன்.”