வரத்துக்கால்

கிழக்கு வெளுக்கும்போதே குவாரியில் சம்மட்டிச் சத்தம் எழுந்துவிட்டது. பாறைத்தூள் பனியோடு கலந்து முகத்தில் அப்பியது. பாக்கியம் சும்மாட்டை இறுக்கிக்கொண்டு, கழிவுக்கல் கூடையோடு சரிவில் இறங்கினாள். கழுத்தெலும்பு நெரிந்தது.

கொட்டுமிடம், மலைத்தண்ணீரை ஊர் ஏரிக்குக் கொண்டுபோகும் வரத்துக்கால். நடை மிச்சம் என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்ததே கூடை சுமக்கும் பெண்கள்தான். லாரிச் செலவு மிச்சமென்று முதலாளியும் தலையாட்டினார். போன ஐப்பசியில் நல்ல மழை பெய்தும் ஏரி நிறையவில்லை. கிணறுகள் வற்றின. பங்குனியில் கிணற்றை ஆழப்படுத்த இறங்கிய அவள் புருஷன் தேவசகாயத்தின் மேல் மண் சரிந்தது. சவப்பெட்டியில் வைக்குமுன் அவனைக் கழுவ, செஞ்சியிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது.

இன்று கூடையைக் கவிழ்க்கப் போனவள் நின்றுவிட்டாள். நேற்றைய மழைநீர் கற்குவியலில் முட்டி, ஏரிக்குப் போக வழியில்லாமல் முள்காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா பாக்கியம், நட்டுவச்ச கல்லாட்டம் நிக்கிற?" என்றாள் பின்னால் வந்த ரோஷன் பீ.

"அவர மண்ணு மூடலக்கா. நான் கொட்டின கல்லுதான் மூடிச்சு."

ரோஷன் பீயின் சிரிப்பு அணைந்தது. "நீ மட்டுமா கொட்டின? என் கல்லும் இதுலதான் கெடக்குது." கூடையைத் தரையில் இறக்கினாள்.

முதலாளி இராமச்சந்திரன் ஜீப்பில் வந்தபோது எல்லாக் கூடைகளும் தரையில் இருந்தன.

"இன்னா, இங்க திருவிழாவா? தூக்குங்க!"

"இங்க இனிமே கொட்ட மாட்டோம் மொதலாளி," என்றாள் பாக்கியம். "லாரி வச்சு பழைய குவாரிப் பள்ளத்துக்கு அனுப்புங்க. கொட்டினத நாங்களே அள்ளுறோம்."

"பாறைய விட்டா உங்களுக்குச் சோறு ஏது?"

"சோறு வடிக்கத் தண்ணி வேணுமே," என்றார் பாறையில் துளை போடும் பெரியதம்பி. "பாறையும் எத்தினி நாளைக்கு? அது தீந்தா ஏர்தான் புடிக்கணும். அதுக்கு ஏரி வேணும்."

"நாளைக்கு வெளியூர் ஆளுங்க வருவாங்க. நீங்க வீட்லயே கெடங்க."

"வரட்டும். அவங்க ஊரு ஏரி எப்படி இருக்குதுன்னு கேப்போம்," என்றார் பெரியதம்பி.

ஜீப் போய்விட்டது. நாளைக்கு எரியாத அடுப்பு ஒவ்வொருவர் கண்ணிலும் தெரிந்தது.

பாக்கியம் கால்வாயில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டினாள். அசையவில்லை. ரோஷன் பீ மறுபக்கம் பிடித்தாள். பெரியதம்பி கடப்பாறையால் நெம்பினார். மற்றவர்கள் கரையில் வரிசையாக நின்று கை நீட்டினார்கள்.

பாக்கியம் வாய்விட்டு அழுதாள். கல்லை மட்டும் விடவில்லை.