இடம் என்றால் வலம்

ரீத்தாவுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று ஊரே என்னைச் சொல்லும். சொல்லட்டும். அந்தக் கோபம் மட்டும் இல்லையென்றால் இன்றைக்கும் நான் மீன் சட்டியோடு பஸ்ஸுக்குக் கைகாட்டிக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

2011ஆம் வருசம், ஜூன் மாதத்து மழை. நாங்கள் ஐந்து பெண்கள். தேங்காய்ப்பட்டணத்தில் விடியும்போது மீன் எடுத்து, பஸ் பிடித்து, உள்ளே இருக்கிற ஊர்களில் தெருத்தெருவாக விற்பது எங்கள் பிழைப்பு. அன்றைக்கு இரண்டு பஸ் நிற்காமலே போய்விட்டது. மூன்றாவது நின்றது. எங்களில் மூத்தவளான பூங்கனி அக்கா முதலில் சட்டியை ஏற்றினாள். வாசலில் நின்ற கண்டக்டர், "நாத்தம் தாங்கல, இறங்கு இறங்கு" என்று சட்டியைக் காலால் தள்ளிவிட்டான். சாளை மீன் அத்தனையும் சேற்றில். அறுபது வயதை நெருங்குகிறவள், மழையில் குந்தியிருந்து ஒவ்வொரு மீனாகப் பொறுக்கினாள்.

எனக்குக் கண் இருண்டுவிட்டது. நகர்கிற பஸ்ஸின் பக்கத்தில் ஓங்கி அடித்தேன். "ஏலே, பச்சை மீன் ஒனக்கு நாறுதா? மத்தியானம் ஒனக்க சோத்துல விழும்போ மணக்குமாக்கும்!" அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற வாயா இது? திரும்பி நின்று மற்ற நாலு பேரிடமும் சொன்னேன்: "போதும். நமக்குன்னு ஒரு வண்டி வாங்குவோம். நான் ஓட்டுறேன்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். சைக்கிளைக்கூடத் தொட்டதில்லை நான். ஆனால் பூங்கனி அக்கா சேற்றுக் கையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு பின்வாங்க முடியுமா?

ஆகஸ்டில் வண்டி வந்தேவிட்டது. எங்கள் மகளிர் சங்கத்துச் சேமிப்பில் வாங்கிய பழைய லோடு ஆட்டோ. நீல நிறம். எங்களில் ஒருத்தியான சத்தியபாய் அதற்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கப் போனாள். "ஏட்டி, நாம வேதக்காரங்களாக்கும், ஜெபம் பண்ணினாப் போதும்" என்று பூங்கனி அக்கா தடுத்தாள். கடைசியில் இரண்டும் நடந்தது. எட்டாம் வகுப்பு தேறியவள் ஐவரில் நான் ஒருத்திதான் என்பதால் எல்.எல்.ஆர். என் பெயரில் எடுத்தோம். ஆறு மாதம் செல்லும். அதற்குள் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

கிளட்ச், கியர் சொல்லிக்கொடுக்க ஜெபசீலன் என்ற டிரைவர் வந்தான். பத்தாம் நாள் அவனுக்கு விசா வந்தது, துபாய்க்குப் பறந்துவிட்டான். அதன்பிறகு நான் தன்னந்தனியாகக் கோயில் மைதானத்தில் வண்டியை உறும வைத்து, குதிக்க வைத்து, அணைய வைத்துக்கொண்டிருந்தேன். மைதானம் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான்.

வீட்டுக்குள் இஞ்ஞாசி படுத்திருந்தார். என் வீட்டுக்காரர். ஒரு காலத்தில் பாறையில் அலை உடைகிற இடத்தில்கூட வள்ளத்தைக் கொண்டுபோய்க் கொண்டுவருவார் என்று பெயர் வாங்கிய மனுசன். 2004 கிறிஸ்மஸுக்கு மறுநாள் வந்த கடல், வள்ளத்தையும் அவரையும் தூக்கிக் கரைக் கற்களில் அடித்தது. வள்ளம் சுக்குநூறாகியது. அவருக்கு இடுப்பு எலும்பு போயிற்று. குச்சி ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எங்கே நடந்தார்? ஏழு வருசமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். கடல் பக்கம் தலை வைக்கவில்லை. கேட்டால் ஒரு சொல், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. நான் கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன், மாதாவுக்கு நேர்ச்சை போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

நடக்க வைத்தது என் மோசமான வண்டியோட்டம்தான். ஒருநாள் காலையில் குச்சியை ஊன்றிக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"ஏட்டி, அந்த எஞ்சின் கெடந்து அழுதுல்லா. ஒனக்கக் காதுல விழல்லியா?"

எனக்குப் பேச்சே வரவில்லை. எனக்கு! அவர் பாட்டுக்கு ஏறி, என் இருக்கையின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். "மெள்ள விடு. சத்தம் எறங்கும்போ கியரைப் போடு. அவசரம் எதுக்கு?" வண்டி முதன்முறையாகக் குதிக்காமல் ஓடியது. நான் சந்தோசத்தில் ஹாரனை அமுக்கிக்கொண்டே மைதானத்தைச் சுற்றினேன்.

அன்றிலிருந்து தினமும் பழக்கம். அவர் குரல் கொடுப்பார், நான் திருப்புவேன். முதல்நாள் "இடத்தே!" என்றார். இடப்பக்கம் திருப்பினேன். "அங்க இல்லட்டி, மறுபக்கம்!" என்று கத்தினார். "வலத்தே!" என்றார். வலப்பக்கம் திருப்பினேன். மறுபடியும் கத்தல். சாப்பிடுகிற கை எது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் எஞ்சின் தெரிந்தவர் சொல்கிறார், வண்டிக்கு இதுதான் சட்டமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இடம் என்றால் வலம். வலம் என்றால் இடம். நாலைந்து மாதத்தில் தூக்கத்தில் கேட்டாலும் சரியாகத் தப்பாகத் திருப்புகிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஜனவரி கடைசியில் டெஸ்ட். ஊர் டிரைவர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, ஐந்து பேரும் புதுச் சேலை கட்டிப் போனோம். தரையில் போட்டிருந்த எட்டை அழகாகச் சுற்றினேன். நாலு பேரும் கைதட்டினார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ரோட்டுக்குப் போகச் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும், "இடது பக்கம் திரும்பும்மா" என்றார்.

நான் முழு நம்பிக்கையோடு வலப்பக்கம் திருப்பினேன்.

எதிரே வாழைக்குலை கட்டிய சைக்கிளில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். குலையும் சைக்கிளும் ஒரு பக்கம், அவர் ஓடைக்குள் ஒரு பக்கம். நல்லவேளை, சேறுதான் பூசியது, ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"இடது எது, வலது எதுன்னுகூடத் தெரியாதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார், இடத்தேன்னு சொன்னா வலத்தே தானே திரும்பணும்?"

அவர் வண்டியை ஓரம்கட்டச் சொன்னார். "யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

"வீட்டுக்காரர் சார்."

"அவர் என்ன வண்டி ஓட்டுறார்?"

"வண்டி இல்ல சார். வள்ளம்."

வீடு திரும்பும்போது பூங்கனி அக்காதான் விளக்கினாள். செத்துப்போன அவள் புருசன் இஞ்ஞாசியின் வள்ளத்தில் எஞ்சின் பிடித்தவர். "ஏட்டி, வள்ளத்துல எஞ்சின் கம்பை இடத்தே தள்ளினா வள்ளம் வலத்தே போவும். இஞ்ஞாசி முன்தலையில நின்னு அலையைப் பாத்து, கம்பைத் தள்ளுற பக்கத்தத்தான் சொல்லுவான். எனக்க மாப்பிள்ள தள்ளுவாரு. அதே வாய்தானே இப்பவும்!" சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்.எல்.ஆர். முடிய இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது.

அந்த எரிச்சலோடு வீட்டுக்குள் நுழைந்தேன். இஞ்ஞாசி சட்டையெல்லாம் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "பாஸா?" என்று முகம் மலரக் கேட்டார்.

"பாஸாம் பாஸ்! நீங்க சொல்லித் தந்த லெச்சணத்துக்குப் பெயிலாக்காம பின்னே மாலையா போடுவான்? இது வள்ளமா மனுசா? இடத்தை வலமாக்கி, வலத்தை இடமாக்கி, ஒரு ஆளைக் கொல்லப் பாத்தேன் நான்!"

அவர் முகம் அணைந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

என் வாயை நானே அறைந்துகொண்டேன். ஏழு வருசத்துக்குப் பிறகு எழுந்து வந்த மனுசனை ஒரே நிமிசத்தில் படுக்க வைத்துவிட்டேனே! மன்னிப்புக் கேட்டேன். முதுகுதான் தெரிந்தது. இரண்டு நாள், மூன்று நாள். அவருக்குப் பிடித்த நெத்திலி பொரித்து வைத்தேன், தொடவில்லை. லைசென்ஸ் போனால் போகிறது, அந்த மனுசன் மட்டும் இந்தப் பக்கம் திரும்பினால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு.

நாலாம் நாள் மீன் எடுக்கப் போய்விட்டு வந்து பார்த்தால் பாய் காலி. குச்சியும் இல்லை. கடலைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. "ஏசுவே, ஏசுவே" என்று கரைக்கு ஓடினேன். வலை காயப்போட்டவர்களிடம் எல்லாம் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. அழுதுகொண்டே திரும்பி ஓடிவரும்போது கோயில் மைதானத்தில் சத்தம் கேட்டது.

"இடம்!" நாலு பெண்களின் குரல்.

எட்டிப் பார்த்தேன். நிறுத்தி வைத்திருந்த ஆட்டோவில், டிரைவர் இருக்கையில் இஞ்ஞாசி. வேர்த்து வழிகிறார். பின்னால் லோடு ஏற்றுகிற இடத்தில் பூங்கனி அக்காவும் சத்தியபாயும் மற்ற இரண்டு பேரும். இவர்கள் "இடம்!" என்று கத்த, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்டிலை இடப்பக்கம் திருப்புகிறார். "வலம்!" என்றார்கள். தப்பாகத் திருப்பினார். "பெயில்!" என்று நாலு பேரும் கூவினார்கள்.

என்னைப் பார்த்ததும் வெட்கத்தோடு சிரித்தார். "நான் முதல்ல படிக்காண்டாமா? பின்னேல்லா ஒனக்குச் சொல்லித் தர முடியும்."

நான் ஓடிப்போய் அவர் தோளில் நாலு அடி அடித்தேன். பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். எல்லார் முன்னாலேயும்தான். என்ன இப்போ?

அதிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம், நாலு டீச்சர். ஏறிப்போன பழக்கம் லேசில் இறங்குமா? எனக்குக் கை தானாக மறுபக்கம் போகும். கடைசியில் பூங்கனி அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"ஏட்டி, பஸ்ஸுக்கு வாசல் எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"அந்தக் கண்டக்டர் எனக்கச் சட்டியத் தள்ளினது எந்தப் பக்கம்?"

"அதே பக்கம்தான்!"

"அப்போ இடம்னு கேட்டா அவன் மோரையை நினைச்சுக்கோ. நேரா அவன் மேலயே வண்டிய விடு."

எப்பேர்ப்பட்ட பாடம்! இடம் என்று கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், கை சரியான பக்கம் திரும்பிவிடும். இஞ்ஞாசிக்குக் கோபப்பட யாரும் இல்லை. அவர் பாவம், ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லியே பழகினார்.

எல்.எல்.ஆர். முடிய இரண்டு நாள் இருக்கும்போது மறு டெஸ்ட். இந்தத் தடவை இஞ்ஞாசியும் வந்தார். ஆணியில் தொங்கிய அதே சட்டை. அதே இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கம்பியைக் கெட்டியாகப் பிடித்தபடி ஏறினார். ரோட்டில் வண்டி போகிறது. என் நெஞ்சு எஞ்சினைவிடச் சத்தமாக அடிக்கிறது. அதே முக்கு வந்தது.

"இடது பக்கம்."

அந்த மூஞ்சி வந்து நின்றது. மழை, சேறு, சாளை மீன். "வாலே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வண்டி இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு திரும்பியது. அடுத்து வலது, அப்புறம் இடது, மறுபடி வலது. ஒன்றும் தப்பவில்லை. இறங்கும்போது இன்ஸ்பெக்டர் முதன்முறையாகச் சிரித்தார். "வள்ளக்காரர்கிட்டச் சொல்லுங்க, பாஸ்னு."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் குச்சியைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். நாலு பேரும் என்னைத் தூக்கப் பார்த்து, முடியாமல் எல்லோரும் சேர்ந்து விழுந்தோம். இத்தனை பெரிய பெண்கள் ஆபீஸ் வாசலில் உருண்டு சிரிப்பதைப் பார்க்கக் கூட்டமே கூடிவிட்டது.

திரும்பும்போது நானே ஓட்டினேன். துணைக்கு வந்த ஊர் டிரைவர் பின்னால் பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். இஞ்ஞாசி என் பக்கத்தில். எங்கள் ஊர் முக்கு வந்தது. இடப்பக்கம் திரும்பினால் வீடு. வலப்பக்கம் திரும்பினால் கடல்.

நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காற்று முகத்தில் அடித்தது. கூரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "இடத்தே!" என்று கத்தினார்.

மைதானத்தில் பாடம் படித்தவரின் குரல் இல்லை அது. வள்ளத்தின் முன்தலையில் நின்று அலையைப் பார்க்கிறவரின் குரல். கண்டக்டர் மூஞ்சியெல்லாம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. யோசிக்காமல் வலப்பக்கம் திருப்பினேன்.

மணலில் சக்கரம் புதையும்வரை போய் நிறுத்தினேன். கடல் பளபளவென்று கிடந்தது. அவர் இறங்கினார். குச்சியை ஊன்றி ஊன்றி நடந்து, ஈர மணலில் போய் நின்றார். அலை வந்து கணுக்கால்வரை நனைத்தது. அசையவில்லை. ஏழு வருசத்துக்குப் பிறகு. எனக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை.

அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "செரியாத்தான் திருப்பினட்டி."

பின்னால் இருந்து பூங்கனி அக்கா சத்தம் போட்டாள்: "ஏட்டி ரீத்தா, அந்த இன்ஸ்பெக்டர் மட்டும் இதைப் பாத்திருந்தாரு, மறுபடியும் ஒனக்குப் பெயிலாக்கும்!"