உள்ளே யாரும் இல்லை

டவுன் வடக்கு ரத வீதிக்குப் பின்னால் இருந்த தில்லைநாயகத்தின் நகைப் பட்டறையில் ஓட்டைப் பிரித்துத் திருடன் இறங்கிப் போன பிறகு, அவருக்கு யார் மீதும் நம்பிக்கை இல்லாமல் போனது. பட்டறை ஆட்களில் ஒருவன்தான் துப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்று திடமாக நம்பினார். ஓட்டுக் கூரையைக் கான்கிரீட் தளமாக்கிவிட்டு, குமரகுருபரனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

குமரகுருபரன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பழகிவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பி, முருகன்குறிச்சியில் சிறிய கடை வைத்திருந்தான். வங்கிகளுக்கும் கடைகளுக்கும் திருட்டு அலாரம் மாட்டுவது தொழில். அட்டை காட்டினால் திறக்கும் கதவு தொண்ணூற்றாறில் திருநெல்வேலிக்குப் புதிது. தில்லைநாயகம் கேட்டது அந்தக் கதவையும் அலாரத்தையும் ஒன்றாகப் பிணைத்துவிடுவது. உள்ளே வருவதற்கும் அட்டை, வெளியே போவதற்கும் அட்டை. கடைசி ஆள் வெளியேறியதும் கதவு தானே பூட்டிக்கொண்டு, அலாரம் தானே விழித்துக்கொள்ள வேண்டும். விளக்கும் காற்றாடிகளும் அணைந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவருடைய அட்டைக்கு மட்டுமே கதவு திறக்க வேண்டும்.

“எல்லாம் செஞ்சிரலாம் அண்ணாச்சி. ஆனா உள்ள இருந்து அமுக்கித் தொறக்கதுக்கு ஒரு பட்டன் வைக்கணும். அவசரத்துக்கு” என்றான் குமரகுருபரன்.

“பட்டன் வச்சா தங்கப் பொடியை மடியில கட்டிக்கிட்டு அவனே தொறந்து போயிருவான் வே. அதுக்கா இவ்வளவும் பண்ணுதேன்?”

“யாராவது உள்ள மாட்டிக்கிட்டா?”

“எத்தனை பேரு உள்ள இருக்கான்னு உம்ம பெட்டிதான் எண்ணுதுல்லா? அப்புறம் எவன் மாட்டுவான்?”

குமரகுருபரன் சரி என்றான். இவ்வளவு பெரிய வேலை அவனுக்கு அதுவரை வந்ததில்லை. பட்டன் இல்லாமலே மாட்டிக் கொடுத்தான். வாசலில் இருந்த பெட்டியின் சின்னத் திரையில் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை பச்சை எழுத்தில் தெரிந்தது. கடைசி ஆள் போனதும் அது பூஜ்யமாகும். தில்லைநாயகம் சில நாட்கள் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மாதத்திலேயே உள்ளே பல்லி ஓடியதற்கெல்லாம் அலாரச் சங்கு ஊதியது. தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். சத்தத்தை நிறுத்துவதற்கு மட்டும் வாசலில் ஒரு சாவித் துவாரம் வைக்கச் சொன்னார் தில்லைநாயகம். அதையும் குமரகுருபரன் வைத்துக் கொடுத்தான். சாவி காவலாளி பலவேசத்திடம் இருந்தது.

ஆனித் தேர் அன்று பட்டறைக்கு அரை நாள்தான் வேலை. பழைய தங்கத்தைத் திராவகத்தில் கரைத்துச் சுத்தம் செய்யும் வேலை பேட்டை வன்னியராஜுக்கு. உள்ளறையில் பெரிய காற்றாடியைப் போட்டுக்கொண்டு, புகை வெளியே போகப் போகச் செய்ய வேண்டிய வேலை அது. திராவக ஜாடி எடுத்துவர அட்டை காட்டி வெளியே போனவன், திரும்பும்போது இரண்டு கையிலும் ஜாடியோடு வந்தான். கூட வந்த ஆள் தன் அட்டையைக் காட்டிக் கதவைப் பிடித்துக்கொள்ள, அவன் பின்னாலேயே நுழைந்துவிட்டான். பெட்டி ஒருவனைத்தான் எண்ணியது.

மதியம் மற்றவர்கள் தேர் பார்க்கக் கிளம்பினார்கள். வன்னியராஜுக்குக் கதவைப் பிடித்துக் கொடுத்தவன் அதற்கு முன்பே போய்விட்டிருந்தான். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. வன்னியராஜ் ஜாடி எடுக்கப் போனவன் அப்படியே போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள். கடைசி ஆள் வெளியே போனதும் திரையில் பூஜ்யம் வந்தது. கதவு பூட்டிக்கொண்டது. உள்ளறையில் விளக்கும் காற்றாடியும் நின்றன. அடுப்பில் திராவகம் கொதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் குமரகுருபரனுக்குத் தொலைபேசி வந்தது.

“ஒரு பட்டனை எடுத்துக்கிட்டு உடனே வாரும்” என்றார் தில்லைநாயகம். “யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்.”

அவன் போனபோது பலவேசம் வாசல் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஊதிச்சு தம்பி. போய்ப் பாத்தேன். பெட்டியில ஒரு ஆளும் இல்லன்னு காட்டுது. பல்லின்னு நெனச்சு நிறுத்தினேன். மறுபடியும் ஊதிச்சு. மறுபடியும் நிறுத்தினேன். ரத வீதியில ஒரே கொட்டும் கூட்டமுமா இருக்கு, வேற ஒண்ணும் கேக்கல. அப்புறம் ஊதவே இல்ல.”

வன்னியராஜ் கதவை ஒட்டிக் கிடந்தான். நனைத்த சட்டையை மூக்கில் சுற்றியிருந்தான். கதவில் சுத்தியலால் அடித்த தடங்கள் இருந்தன. இரும்புத் தகடு வைத்த கதவு, ஓரிடத்தில்கூட வளையவில்லை. உள்ளே இன்னும் தொண்டையைக் கீறும் நெடி இருந்தது.

தில்லைநாயகம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றார்.

“போலீசுக்குச் சொல்லி விட்டிருக்கேன். அவங்க வாரதுக்குள்ள பட்டனை மாட்டிரும். பட்டன் இருந்துச்சு, பதட்டத்துல அமுக்காம விட்டுட்டான்னு ஆயிரும். ரெண்டு பேருக்கும் நல்லது. உமக்கும் புள்ளைக இருக்கு வே.”

குமரகுருபரன் பையிலிருந்து துளைபோடும் மெஷினை எடுத்தான். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் குறித்தான். அவனுடைய கை பழக்கத்தில் தானாகவே வேலை செய்தது. மெஷினை வைத்து அழுத்தினான். செங்கல் பொடி பொலபொலவென்று வன்னியராஜின் பாதத்தின் மேல் உதிர்ந்தது.

அவன் மெஷினை நிறுத்தினான். குனிந்து, கைக்குட்டையால் அந்தக் காலைத் துடைத்தான். பிறகு எழுந்து வெளியே வந்து, பலவேசத்தின் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டான்.

“ஏலே, என்ன காரியம் பண்ணுத?” என்றார் தில்லைநாயகம். அதுவரை அவர் அவனை ‘லே’ போட்டுப் பேசியதில்லை.

இன்ஸ்பெக்டர் வந்ததும் அவன் எல்லாவற்றையும் சொன்னான். பட்டன் கேட்டதை, அவர் மறுத்ததை, தான் ஒப்புக்கொண்டதை, சற்று முன் சுவரில் துளை போட்டதை. எதையும் மறைக்கவில்லை.

உண்மையைச் சொன்னதால் அவனுக்கு ஒன்றும் இலகுவாகிவிடவில்லை. மாட்டியவன் அவன்தான் என்று அவனை முதல் குற்றவாளியாகச் சேர்த்தார்கள். எனக்கு இந்த மெஷினைப் பற்றி என்ன தெரியும், நிபுணன் என்று நம்பிக் கொடுத்தேன் என்றார் தில்லைநாயகம். அவர் மறுத்ததைக் கேட்டவர்கள் வேறு யாருமில்லை. பட்டறை ஆட்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வழக்கு நடந்த வருஷங்களில் குமரகுருபரனின் கடைக்கு ஆள் வருவது நின்றது. மனைவி பிள்ளைகளோடு களக்காட்டில் தன் அண்ணன் வீட்டில் போய் இருந்தாள்.

தீர்ப்பில் தில்லைநாயகத்தைச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்தார்கள். குமரகுருபரனுக்கு ஆறு மாதம். மேல்முறையீடு செய்யும்வரை ஜாமீன் கிடைத்தது.

கோர்ட்டு வராந்தாவில் வன்னியராஜின் மனைவி பாக்கியவதி நின்றிருந்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேட்டையிலிருந்து வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். அவனிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அன்று அருகில் வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து அவன் நின்றான்.

“ஒண்ணு கேக்கணும்” என்றாள். “அந்தச் சங்கு, உள்ள இருந்தவியளுக்குக் கேட்டிருக்குமா?”

“கேட்டிருக்கும்மா. வெளிய விட உள்ளதான் சத்தம் ஜாஸ்தி.”

“வாட்சுமேன் நிறுத்தினது?”

“அதுவும் தெரிஞ்சிருக்கும்.”

“அப்ப, ஒவ்வொரு தடவை நின்னப்பவும், யாரோ தொறக்க வந்துட்டாவன்னு நெனச்சிருப்பாவ” என்றாள்.

அவள் முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பேட்டை பஸ் பிடிக்க வெயிலில் இறங்கி நடந்தாள்.