உப்பு வெளியோரம் இரண்டு விடுதிகள்

கணக்கு டீச்சரும் அவள் புருஷன் ஸ்டுடியோக்காரரும் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சேர்ந்தாற்போல் எங்கும் போனதில்லை. மகள் வீட்டில் இருந்தவரை இருவருக்கும் நடுவில் அவள்தான் தபால்காரி. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "சாவி எங்கன்னு உங்க அம்மாவைக் கேளு" என்று ஒரே ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு அவள் வழியாகப் பேசிக்கொள்வார்கள். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன மகள், "எனக்காக ஒரு தடவை, ரெண்டு பேரும் தனியா எங்கயாவது போயிட்டு வாங்க" என்று கெஞ்சினாள். எங்கே போகலாம் என்று டீச்சர் வாயைத் திறப்பதற்குள் ஸ்டுடியோக்காரர் உப்புப் பாலைவனம் என்று முடிவு பண்ணிவிட்டார். காலண்டர் கம்பெனி ஒன்று அவரிடம் வெளிச்சமான, ஆளில்லாத இடமாகப் படம் கேட்டிருந்தது.

பஸ்ஸில் நாள் முழுக்க இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்கள். கடைசி நிறுத்தத்தில் இறங்கியபோது கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளையாகத் தரை. மரம் இல்லை, மேடு இல்லை. காற்று உதட்டில் கரித்தது. செல்போனில் சிக்னல் செத்துப் போயிருந்தது. சாலை முடியும் இடத்தில் ஒரே ஒரு வளாகம். அதன் நடுவே புதிதாக எழுப்பிய மதில். மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு விடுதி, அந்தப் பக்கம் ஒரு விடுதி. இரண்டு வாசலிலும் இரண்டு பெண்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அவர்கள் அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். மாமனார் போன பிறகு சொத்தைப் பிரித்தபோது, தகரக் கூரை போட்ட பழைய கட்டடமும் கிணறும் உப்பு வெளிக்குள் இறங்கும் சரிவுப் பாதையும் மூத்தவளுக்கு வந்தன. புதுக் கட்டடமும் ஜீப்பும் இளையவளுக்கு. பிரித்துக்கொடுத்த கையோடு அண்ணனும் தம்பியும் லாரி ஓட்டப் போய்விட்டார்கள். சண்டையை மட்டும் மனைவிகளிடம் விட்டுவிட்டுப் போனார்கள். சரிவுப் பாதையின் வாயில் மூத்தவள் ஒரு இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிட்டாள். அன்றிலிருந்து இளையவளின் ஜீப் பாழடைந்த உப்பு ஆலையைச் சுற்றிக்கொண்டுதான் வெளிக்குள் இறங்க வேண்டும்.

ஸ்டுடியோக்காரர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது மூத்தவளிடம். "வாங்க சார், வாங்கம்மா" என்று அவள் பையை வாங்கிக்கொண்டு போய் அறையைக் காட்டினாள். கயிற்றுக் கட்டில், சுவரில் ஒரு ஆணி, அவ்வளவுதான். குளியலறையோடு சேர்ந்த கழிப்பறை முற்றத்துக் கோடியில் இருந்தது. கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை.

"உள்ள ஆள் இருந்தா இருமணும்" என்றாள் மூத்தவள்.

டீச்சர் புருஷனைப் பார்த்தாள். "இதை விசாரிக்கலையா?"

"விடியும்போது படம் எடுக்கணும். கேட்டைத் திறந்தா நேரா உப்பு. எனக்கு அதுதான் முக்கியம்."

"என்னால இருமிக்கிட்டே குளிக்க முடியாது."

"அப்ப குளிக்காதே."

டீச்சர் கட்டிலில் கிடந்த பைகளைத் திறந்து கைக்கு அகப்பட்டதையெல்லாம் இரண்டாகப் பிரித்தாள். அவர் துணியும் காமிராவும் ஒரு பையில், மற்றதெல்லாம் தன் பையில். பையைத் தோளில் போட்டுக்கொண்டு மதிலைச் சுற்றி நடந்து இளையவளின் வாசலில் போய் நின்றாள். "ரூம் இருக்கா?"

இளையவளின் முகத்தில் லாட்டரி விழுந்த மாதிரி ஒரு வெளிச்சம். "உங்களுக்கு இல்லாததா அக்கா!" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்திச் சொன்னாள்.

அங்கே குளியலறை அறைக்குள்ளேயே இருந்தது. பளபளவென்று டைல்ஸ், புத்தம் புதுக் குழாய். திறந்தால் காற்றுதான் வந்தது. "தண்ணி லாரி வந்தாத்தான் வரும். கிணறு அந்த மகராசி பக்கம் போயிருச்சே" என்று இரண்டு வாளித் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். தாழ்ப்பாள் இருந்தது. டீச்சருக்கு அது போதும்.

அன்று சாயங்காலமே டீச்சருக்குப் புரிந்துவிட்டது, தான் அறை மாறவில்லை, கட்சி மாறியிருக்கிறோம் என்று. முற்றத்தில் நின்று அஸ்தமனத்தைப் பார்த்தவள் மேல், மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு வாளி கழுவிய தண்ணீர் சளாரென்று வந்து விழுந்தது. "ஐயோ, ஆள் நிக்கறது தெரியலம்மா" என்றது மூத்தவளின் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பதிலுக்கு இளையவள் குப்பையைக் கூட்டி மதிலோரம் வைத்துக் கொளுத்தினாள். புகை முழுக்க அந்தப் பக்கம். ஸ்டுடியோக்காரர் இருமுவது கேட்டது. டீச்சர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

விடியும்போது மதிலுக்கு அப்பால் கேட் திறக்கும் சத்தமும், பழைய மொபெட் ஒன்று இருமி இருமிக் கிளம்பும் சத்தமும் கேட்டன. மூத்தவள் பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்: "கொடிக்கம்பத்தைத் தாண்டிப் போகாதீங்க சார். அதுக்கப்புறம் மேல பொருக்குதான். அடியில சேறு."

"எனக்குத் தெரியும்மா" என்று ஸ்டுடியோக்காரரின் குரல்.

அந்தக் குரல் டீச்சருக்கு நன்றாகத் தெரியும். தெரியாத எல்லா விஷயத்துக்கும் அவர் அந்தக் குரலில்தான் தெரியும் என்பார். போகட்டும் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

வெயில் ஏறி, அறையின் சுவர் தொட முடியாமல் சுட ஆரம்பித்தபோது அவள் சீப்பைத் தேடிப் பையைக் கவிழ்த்தாள். முதலில் விழுந்தது அவருடைய தொப்பி. பிறகு குடை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் பாட்டில்கள், எல்லாமே திறக்காமல். கோபத்தில் பிரித்தபோது மொத்தத்தையும் தன் பையிலேயே போட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் பையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அவரும் யாரிடமும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை.

டீச்சர் வெளியே ஓடி வந்து மதில் மேல் எட்டிப் பார்த்தாள். "அவர் வந்துட்டாரா?"

முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மூத்தவள் நிமிரவே இல்லை. "என்கிட்ட எதுக்குக் கேக்கறே? நீ அந்தப் பக்கத்து ஆளாச்சே."

"தண்ணி எடுத்துட்டுப் போனாரா?"

மூத்தவளின் கை நின்றது. "நான் குடுத்தேன். வேண்டாம், பொண்டாட்டி வெச்சிருப்பான்னாரு."

அதைக் கேட்டதும் டீச்சர் திரும்பி இளையவளிடம் ஓடினாள். இளையவள் ஜீப்பை எடுத்தாள். ஆனால் சரிவுப் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டாள். "ஆலையைச் சுத்தினா ரொம்ப நேரமாயிடும் அக்கா. கேட்டைத் திறந்தா இப்பவே இறங்கிடலாம். திறக்கச் சொல்லுங்க அவளை."

மூத்தவள் கேட்டின் முன்னால் வந்து நின்றிருந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு ஜீப்பின் நீளம்கூட இல்லை. "இந்த வண்டி என் மண்ணுல ஏறாதுன்னு சொல்லு அவகிட்ட."

"உன் மண்ணா? மாமா இருந்தப்ப யார் மண்ணுன்னு கேளுங்க."

"அவ புருஷன் கையெழுத்துப் போட்டப்ப வாய்ல என்ன வெச்சிருந்தான்னு கேளு."

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இருபது வருஷமாகத் தன் வீட்டு ஹாலில் நடந்ததை வெளியில் நின்று அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மகளின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி அந்தக் குழந்தைக்குக் கழுத்து வலித்திருக்கும்.

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள். கேட் ஓரம் கிடந்த கடப்பாரையைத் தூக்கினாள். வகுப்பில் சாக்பீஸ் தவிர எதையும் தூக்கிப் பழகாதவள். முதல் அடி கேட்டில் பட்டுக் கை அதிர்ந்தது. இரண்டாவது பூட்டின் மேல் விழுந்தது. மூன்றாவதில் அதன் வளையம் வாயைப் பிளந்தது.

"ஏய்! உன்னைப் போலீஸ்ல குடுப்பேன்டி!" என்று மூத்தவள் அலறினாள்.

"குடு. முதல்ல வழியை விடு."

ஜீப் உறுமிக்கொண்டு சரிவில் இறங்கியது. இறங்கும்போது பின்பக்கம் தடாலென்று ஒரு சத்தம். மூத்தவள் ஒரு தண்ணீர் கேனைத் தூக்கி உள்ளே போட்டு, தானும் தாவி ஏறியிருந்தாள். "என் மொபெட்டு அங்க கிடக்கு. நான் அதுக்குத்தான் வர்றேன்" என்றாள் யாரிடமோ. இளையவளின் முதுகைக்கூடப் பார்க்கப் பிடிக்காமல் பின்னோக்கித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

உப்பு வெளியில் கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை. மேலே ஒரு வெயில், தரையிலிருந்து ஒரு வெயில். கொடிக்கம்பம் வந்தது, அதில் கிழிந்த துணி ஒன்று படபடத்தது. அதைத் தாண்டி மொபெட்டின் சக்கரத் தடம் நேராக, கொஞ்சமும் தயங்காமல் போயிருந்தது. இளையவள் பிரேக்கை மிதித்தாள். தூரத்தில் காமிரா ஸ்டாண்டு மட்டும் தனியாக நின்றது. அதன் பக்கத்தில் ஏதோ கறுப்பாக.

மூவரும் இறங்கி நடந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் பொருக்கு நொறுங்கி, கருஞ்சேறு செருப்பைக் கவ்வியது. மொபெட் பாதி புதைந்து சாய்ந்து கிடந்தது. அதன் நிழலில், அந்த முழ நிழலில், ஸ்டுடியோக்காரர் சட்டையைக் கழற்றித் தலைக்குப் போட்டுச் சுருண்டிருந்தார். வண்டியை இழுத்ததில் கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது.

சட்டையை விலக்கி டீச்சரைப் பார்த்தார். "மெதுவாவே வந்திருக்கலாமே" என்றார். நாக்கு தடித்து வார்த்தை குழறியது.

அவள் பாட்டிலைத் திறந்து அவர் வாயில் வைத்தாள். அவர் பறித்துக் குடிக்கப் பார்த்தார். அவள் கையைத் தட்டிவிட்டாள். "மடக் மடக்குன்னு குடிச்சா வாந்திதான் வரும். நான் குடுக்கறப்ப குடிங்க."

"கம்பத்துக்குள்ள இருந்தா உங்களுக்கு என்ன கேடு?" என்று மூத்தவள் மேலே நின்று கத்தினாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"கம்பம் படத்துல விழுந்துச்சு" என்றார் அவர்.

டீச்சர் அவருடைய கால்களைப் பிடித்தாள், ஓரகத்திகள் ஆளுக்கொரு தோள். பாதி வழியில் இளையவளின் கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. "அக்கா, பிடி!" என்று கத்தினாள். டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். கூப்பிட்டது தன்னையல்ல. மூத்தவள் ஒரு கையால் ஸ்டுடியோக்காரரைப் பிடித்தபடியே மறு கையால் இளையவளின் தலைமுடியைக் கொத்தாகப் பற்றி மேலே இழுத்தாள். இழுத்து முடித்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

ஜீப் சரிவில் ஏறியதும் சண்டை திரும்ப ஆரம்பித்துவிட்டது.

"என் ரூம்ல கட்டில் விரிச்சே கிடக்கு. அவர் என் வீட்டு ஆளு."

"அவ தகரக் கொட்டாயில போட்டா மிச்சமும் வெந்துடும். எங்க ரூம்ல ஃபேன் இருக்கு. வண்டியும் என்னுது."

"நிறுத்தாதே. நேரா ஆஸ்பத்திரிக்கு ஓட்டு" என்றாள் டீச்சர்.

"அப்ப நான்?" என்றாள் மூத்தவள்.

ஜீப் வளாகத்தைத் தாண்டிச் சாலையில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் வரும்வரை ஓரகத்திகள் வாயை மூடவில்லை. கிணறு, கேட், மாமனாரின் கடைசி நாட்களில் யார் பார்த்தது, யார் பார்க்கவில்லை, கல்யாணத்தின்போது யார் யாருடைய வளையலைப் போட்டுக்கொண்டாள், எல்லாம் வந்தது. வழியில் எங்கோ "அவளைக் கேளு", "அவகிட்ட சொல்லு" எல்லாம் போய், நேருக்கு நேர் "நீ", "நீ" என்று ஏசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். டீச்சர் மடியில் புருஷன் தலையை வைத்துக்கொண்டு, ஈரத் துண்டைப் பிழிந்து பிழிந்து அவர் நெற்றியில் போட்டாள். அவர் கண்ணை மூடிக் கிடந்தார். சண்டையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பது அவர் தாடை இறுகியதில் தெரிந்தது.

வார்டில் சேர்த்து சலைன் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கிட்னி போயிருக்கும் என்று டாக்டர், வெளியூர்க்காரர்களைத் திட்டுகிற தோரணையில் டீச்சரைத் திட்டிவிட்டுப் போனார். திரும்பிப் போக வேறு வண்டி இல்லாததால் மூத்தவள் மறுபடி அந்த ஜீப்பில்தான் ஏற வேண்டியிருந்தது. "பூட்டை உடைச்சதை நான் மறக்க மாட்டேன்" என்று டீச்சரிடம் விரலை ஆட்டிவிட்டு ஏறினாள். இந்தத் தடவை பின்னால் இடம் இருந்தும் முன்சீட்டில் உட்கார்ந்தாள். வசதியாகத் திட்டுவதற்காக இருக்கலாம்.

டீச்சர் வார்டுக்குத் திரும்பியபோது அவர் விழித்திருந்தார். முகம் உரிந்த பழம் மாதிரி சிவந்திருந்தது.

"அந்தப் பாட்டிலை எல்லாம் வேணும்னே எடுத்துட்டுப் போனியா?" என்று கேட்டார்.

"இல்ல."

அவர் கூரையைப் பார்த்தார். "நான் அங்க கிடந்தப்ப அப்படித்தான் நினைச்சேன்."

"நான் தொப்பியைப் பார்க்கற வரைக்கும் நீங்க எப்படிப் போனா என்னன்னு படுத்திருந்தேன்" என்றாள் அவள். "அது மட்டும் வேணும்னேதான்."

நர்ஸ் வந்து சலைன் வேகத்தைக் குறைத்துவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ தூக்கத்தில் முனகினார்கள். மகளுக்குப் போன் பண்ண வேண்டும் என்று டீச்சர் செல்லை எடுத்தாள். இப்போது சிக்னல் இருந்தது. எடுத்த செல்லை அப்படியே மறுபடி பைக்குள் போட்டாள்.

"எங்க தங்கப் போறே?" என்றார் அவர், கொஞ்சம் கழித்து. "ஆஸ்பத்திரி எதிர்ல ஒரு லாட்ஜ் போர்டு பார்த்தேன்."

"நீங்க பார்த்து வெச்சதா?"

டீச்சர் மூலையில் கிடந்த இரும்பு ஸ்டூலை, தரையில் கிரீச்சென்று எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, இழுத்து வந்து கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு இங்க இருக்கேன்" என்றாள். "நாளைக்கு என்னன்னு என்னைத்தான் கேக்கணும்."

அவர் தலையை ஆட்டினார். கழுத்தும் வெயிலில் வெந்திருந்ததால் ஆட்டும்போது வலித்தது போலிருக்கிறது. அவள் பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். அவர் பறிக்காமல் காத்திருந்தார்.