சோதனையில் முதலாவதாக வந்த உருண்டை

இடுப்பு மூட்டில் பொருத்தும் வெள்ளைப் பீங்கான் உருண்டைகளைச் சுடும் தொழிற்சாலையில் அவளுக்கு ‘உலைக்காரி’ என்றே பெயர். படித்தது வேதியியல், பிழைப்பு நெருப்போடு. அக்காவின் மூட்டு சின்ன வயதிலேயே கெட்டு, அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்ததும் உலைக்காரி சும்மா இருப்பாளா? உடைத்துப் பார்க்கும் சோதனையில் புது உலையில் சுட்டவைதான் மற்ற எல்லாவற்றையும் தோற்கடித்திருந்தன. அவற்றிலிருந்து ஒன்றைத் தன் கையாலேயே பொறுக்கி அக்காவின் டாக்டருக்கு அனுப்பினாள். அதில் ஏகப்பட்ட பெருமை வேறு.

அக்கா கைத்தடியை விட்டு நடக்கத் தொடங்கிய பிறகுதான், ஈரத்தைத் தாங்குமா என்று பார்க்க உலைக்காரி அதே உலையின் மாதிரித் துண்டுகளை நீராவியில் வைத்து எடுத்தாள். மேல்பரப்பு மாவாக உதிர்ந்தது.

விஷயம் இதுதான். அந்தப் பீங்கானுக்குள் இருக்கும் படிக மணிகள் நானோ அளவில் பொடியாக இருக்கும்வரை, படிகம் எந்த வடிவில் நிலைக்கும் என்று சொல்லும் கட்டிலா ஆற்றல் (free energy) கணக்கில் மேற்பரப்பின் பங்கு பெரியது. அந்தப் பலத்தில் படிகம் அடங்கிக் கிடக்கும். புது உலையின் கூடுதல் சூட்டில் மணிகள் பெருத்துவிட்டன, கணக்கு தலைகீழானது. இனி ஈரம் பட்டால் போதும், படிகம் உருமாறி வீங்கும், விரிசல் விடும். உருமாறக் காத்திருக்கும் பீங்கான்தான் அடி விழுந்த இடத்தில் மட்டும் வீங்கி விரிசலை நெருக்கிப் பிடிக்கும். ஈரமே படாத சோதனையில் அது ஜெயித்ததும் அதனால்தான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிட்டாள், பாவி. உடம்புக்குள் ஈரத்துக்கா பஞ்சம்?

நிர்வாகியிடம் ஓடினாள். விற்பனையை நிறுத்துவதாகச் சொன்னவர், ஏற்கெனவே பொருத்தியவர்களுக்குச் சொல்வதைப் பற்றி யோசிக்கலாம் என்றார். யோசிக்கிற முகமாக அது இல்லை.

நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். பெற்ற நாளிலிருந்து மகளை உட்கார்ந்தபடி மடியில் மட்டுமே வைத்திருந்த அக்கா, இப்போது அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்துகொண்டிருந்தாள். தங்கை அக்காவை அப்படியே நிற்கச் சொல்லி, கீழே நின்றபடி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். உருண்டையை மாற்றுவதற்கு டாக்டரிடம் நாள் கேட்டிருப்பதையும் சொன்னாள்.

“அதுக்குள்ள உடைஞ்சிடுமா?” என்றாள் அக்கா.

“தெரியலக்கா. உருமாறுற பக்கம்தான் போகும்னு கணக்கு சொல்லும். எப்போன்னு சொல்லாது.”

அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்லப் படியில் உட்கார்ந்தாள். கழுத்தைக் கட்டியிருந்த பிஞ்சுக் கைகளை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

“இந்தா, நீயே தூக்கிட்டுப் போ.”

குழந்தை வரமாட்டேன் என்று அம்மாவின் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டது.