கடைமடைக்குத் தண்ணீர் விட்ட கிடா

புதுக்கால்மேட்டு வீரனார் கோயிலில் ஆனி மாதம் ஒரு கிடாவின் தலையில் ஊற்றிய ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர், நூற்றுப் பத்து நாள் வடிந்து, முப்பத்திரண்டு ஏக்கர் குறுவையை விளைய வைத்தது. குடவாசலிலிருந்து வந்த பொறியாளர் ஆட்டின் தாடிக்குக் கீழே அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, ஆற்றில் தண்ணீர் திறந்தால்கூட இந்த வாய்க்காலுக்கு இவ்வளவு வராது என்று எழுதிக்கொண்டு போனார்.

கிடா இளவழகனுடையது. இரண்டு வருடத்துக்கு முன் அவன் பைக்கோடு ஓர் அறுவடை இயந்திரத்தில் மோதி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் நினைவில்லாமல் கிடந்தான். அவன் கண் திறந்தால் கிடா வெட்டுவதாக மனைவி எழில்மொழி வீரனாருக்கு வேண்டிக்கொண்டாள். ஒன்பதாம் நாள் திறந்தான். அவள் ஒரு குட்டி வாங்கினாள். காகிதத்தைக் கண்டால் விடாது என்பதால் அதற்கு கிளார்க் என்று பேர் வைத்தாள். பேர் வைத்த பிறகு வெட்டும் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். போன ஐப்பசியில் நாலு நாள் காய்ச்சலில் செத்துப்போனாள். இளவழகன் அழவில்லை. விலங்கியல் படித்துவிட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கணினி பார்க்கிறவன். காலையில் ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு வேலைக்குப் போனான், மாலையில் வந்து தழை போட்டான். அந்த வீட்டில் அவள் குரலை அறிந்தவர்கள் மிச்சம் இருவர்தான்.

மாமியார் பொன்னுத்தாய் விடவில்லை. “அவ வாயால சொன்னது மாப்ள. நீங்க மூச்சு விடுறதே அதுக்கு ஈடாத்தான்.”

“செய்ங்க அத்தை” என்றான். அப்போது அவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

வெட்டுவதற்கு முன் கிடாவைக் கேட்க வேண்டும் என்பது வழக்கம். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சம்மதம், வீரனாரின் உத்தரவு. ஈரம் பட்டால் எந்த ஆடும் சிலுப்பும் என்பதால் ஊர் அறிய மறுத்த ஆடு கிடையாது. இளவழகன் கல்லூரியில் பதினான்கு தவளைகளை அறுத்திருக்கிறான். அவற்றை யாரும் இந்த மட்டுக்கும் கேட்டதில்லை. கிளார்க் சிலுப்பவில்லை. பூசாரி கோவிந்தராசு அதன் காதில் ஊதினார். டேபிள் ஃபேன் வைத்தார்கள். முதுகில் ஐஸ் கட்டி தேய்த்தார்கள். மசாலா அரைத்துவிட்டு உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் மூன்றாம் நாள் சாம்பார் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள். பதில் வராத கிடாவை அவிழ்க்கவும் கூடாது என்பதால் அது அங்கேயே நின்றது. தலையில் ஊற்றியது நிற்காமல் வடிந்து, கோயில் வாசலை நனைத்து, வாய்க்காலில் இறங்கி, முதலில் ஜாஃபர் சாதிக்கின் வயலில் ஏறியது. அந்த வருடம் கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் வந்து சேரவில்லை. அவர் உடனே நாற்றங்கால் விட்டார்.

அதன் பிறகு, சிலுப்பச் சொல்லி வேண்டியவர்களே சிலுப்பிவிடக் கூடாது என்று வேண்டினார்கள். ஆட்டுக்குக் கீற்றுக்கொட்டகை போட்டார்கள், கொசுவலை கட்டினார்கள், ஈ ஓட்ட முறை வைத்தார்கள். இரண்டு கல்யாணங்கள் மேளம் இல்லாமல் நடந்தன. படுத்தால் எழும்போது சிலுப்பும் என்று வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கிக் கட்டிவிட்டார்கள். வந்து கும்பிட்டவர்கள் எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். இளவழகன் அதன் கால்களைப் பார்த்தான்; நடுங்கின. தினமும் வேலை முடிந்து வந்து பக்கத்தில் நின்றான். அது அவன் தொடையில் சாய்ந்துகொள்ளும். யூரியா வரவில்லை என்று ஒருநாள் அதனிடம் சொன்னான். ஆடி முடிவதற்குள் எழில்மொழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

புரட்டாசியில் அறுவடை முடிந்தது. பாதிப் பேர் கவுச்சி தொடாத மாதம் என்பதால் கிடாவுக்கு இன்னும் சில நாள் கிடைத்தது. ஐப்பசி முதல் தேதி காலை கோவிந்தராசு அரிவாளோடு வந்தார். ஊரே வந்தது. கடைசி அளவு எடுக்கப் பொறியாளரும் வந்தார்.

“இனி சிலுப்பலாம்” என்றார் கோவிந்தராசு, ஆட்டிடம்.

“நூத்திப்பத்து நாளா வேணாம்னு சொல்லிட்டு நிக்குது. யார் காதுலயும் விழலயா?” என்றான் இளவழகன். ஊருக்கு முன்னால் அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

“அது ஆடு மாப்ள” என்றாள் பொன்னுத்தாய்.

“ஆடுதான் அத்தை. கேக்கறது நீங்கதானே?”

“இந்தா தம்பி, படிச்ச பேச்செல்லாம் சங்கத்துல வச்சுக்க” என்றார் கோவிந்தராசு. “சிலுப்புனா வெட்டணும். சிலுப்புனதை விட்டா வீரனாரு நம்மள விடமாட்டாரு.”

இளவழகன் குனிந்து சாக்கை அவிழ்த்தான். “போதும் கிளார்க்கு. உக்காரு” என்றான். கிடா முன்னங்காலை மடக்கியது, பிறகு நிமிர்ந்து, மூக்கிலிருந்து வால்வரை ஒரே சிலுப்பாகச் சிலுப்பியது. நூற்றுப் பத்து நாள் சிலுப்பு அது. தண்ணீர் கூட்டத்தின் கடைசி ஆள்வரை அடித்தது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஜாஃபர் சாதிக்கையும் சேர்த்து. அப்படி ஒரு குளிர் அந்தத் தண்ணீருக்கு. முந்நூற்றுப் பதினாறு பேரும் தலைமுதல் கால்வரை சிலுப்பினார்கள்.

கோவிந்தராசு நனைந்த அரிவாளை வேட்டியில் துடைத்தார்.

“பூசாரி, நீங்க ரெண்டு தடவ சிலுப்புனீங்க. நான் பாத்தேன்” என்றார் ஜாஃபர் சாதிக்.

பேச்சு சாயங்காலம்வரை நடந்தது. வழக்கம் தெளிவாகத்தான் இருந்தது: வெட்டினால் எல்லோரையும் வெட்ட வேண்டும். கடைசி ஆளை யார் வெட்டுவது என்பதில் சிக்கல் வந்தது. வெளியூர்க்காரர் என்று பொறியாளரைக் கேட்டார்கள். தானும் சிலுப்பிவிட்டதாக அவர் எழுதியே கொடுத்தார். ஆகவே உத்தரவு எல்லோருக்கும் வந்துவிட்டது, நிறைவேற்றுவதை ஒத்திவைக்கலாம், ஆட்டுக்குத் தனியாக அவசரம் ஏதுமில்லை என்று முடிவானது. இவ்வளவுக்கும் நடுவில் இளவழகன் ஒருவனுக்கு மட்டும் சிலுப்பு நிற்கவேயில்லை. குளிர் என்று நினைத்துச் சிலர் துண்டு கொடுத்தார்கள். பொன்னுத்தாய் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கீழே உட்கார வைத்து, ஈர முந்தானையாலேயே தலையைத் துவட்டினாள். மறு பக்கம் கிடா உட்கார்ந்திருந்தது, அதையும் துவட்டினாள்.

பக்கத்து ஊர்களில் எதுவும் மாறவில்லை. அங்கே ஆடுகள் வழக்கம்போல் உடனே சிலுப்புகின்றன. கோவிந்தராசும் ஞாயிற்றுக்கிழமை குடவாசலுக்குப் போய் அரைக் கிலோ கறி வாங்கத்தான் செய்கிறார். வாங்குமுன் “சிலுப்புச்சா?” என்று கேட்பார். “சிலுப்புச்சுங்க” என்பார் கடைக்காரர், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். முன்பு அதோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். இப்போது, “நீங்க பாத்தீங்களா?” என்றும் கேட்கிறார். பல வாரம் கடைக்காரருக்குக் கூட்டத்தில் அதற்கெல்லாம் நேரம் இருப்பதில்லை. அந்த வாரங்களில் வெண்டைக்காயோடு திரும்புகிறார். வீட்டில் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.